அரசுப் பள்ளிச் சேர்க்கை: வாசலில் தளர்வு, பதிவேட்டில் கண்டிப்பு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் சொல்லிவிடுகிறேன். கணவரைப் பிரிந்து, திருப்பூரிலிருந்து தேனி மாவட்டத்திலுள்ள தாய்வீட்டுக்கு இரண்டு குழந்தைகளுடன் வந்திருக்கிறீர்கள். மகன் அங்கே ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில வழியில் ஐந்தாம் வகுப்பை முடித்திருக்கிறான்; கட்டணப் பாக்கி இருப்பதால் அந்தப் பள்ளி டி.சி. எனப்படும் மாற்றுச் சான்றிதழைத் தர மறுக்கிறது. மகளுக்கு ஆகஸ்ட் 12-ஆம் தேதிதான் ஐந்து வயது நிறைகிறது. ஆனாலும் ஜூன் மாதத்திலேயே ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்க விரும்புகிறீர்கள். அவளுடைய ஆதாரில் உள்ள பிறந்த தேதியும் பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதியும் வேறு வேறாக இருக்கின்றன. இருவருக்கும் சாதிச் சான்றிதழ் எடுக்கவில்லை. தகப்பனார் கையெழுத்து இல்லாமல் அரசுப் பள்ளியில் சேர்க்க முடியுமா, எந்தத் தாள் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்று கேட்கிறீர்கள்.

மகனை டி.சி. இல்லாமலே ஆறாம் வகுப்பில் சேர்க்கலாம். மகளை இந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்க்க முடியாது. அதற்கு வேறு வழி இருக்கிறது. தகப்பனார் கையெழுத்து தேவையில்லை. ஆதாரும் சாதிச் சான்றிதழும் இல்லை என்பதற்காக உங்களை யாரும் திருப்பி அனுப்பக் கூடாது. பதில் இவ்வளவுதான் என்றாலும், முப்பத்தொரு ஆண்டு ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்து, அதில் பதினொரு ஆண்டு தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதன் பின்னணியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெற்றோர்கள் பெரும்பாலும் கவலைப்படுவது பள்ளிக்குள் நுழைவதைப் பற்றி. ஆனால் சட்டம் அங்கேதான் மிகவும் தளர்வாக இருக்கிறது. சேர்க்கைப் பதிவேட்டில் அன்றைக்கு எழுதப்படும் நான்கைந்து விவரங்களைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. அவைதான் பிள்ளையின் ஆயுள் முழுக்கக் கூட வருகின்றன.

அடிப்படைச் சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். 2009-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் எட்டாம் வகுப்பு முடியும் வரை அருகமைப் பள்ளியில் கட்டணமின்றிப் படிக்கும் உரிமையைத் தருகிறது. தமிழ்நாட்டுக்கான விதிகள் 2011-இல் வந்தன. அருகமை என்பதற்கு ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டர், ஆறு முதல் எட்டு வரை மூன்று கிலோமீட்டர் என்று தூரம் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தத் தூரத்துக்குள் பள்ளி இருக்கும்படி பார்த்துக்கொள்வது அரசின் கடமை என்பதே இதன் பொருள். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் குடியிருக்கும் பிள்ளையைச் சேர்க்கக் கூடாது என்பதல்ல. சில தலைமையாசிரியர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, குடும்ப அட்டையில் திருப்பூர் முகவரி இருக்கிறதே என்று கேட்கக்கூடும். தாய்வீட்டில் இருக்கிறோம் என்று நீங்கள் சொல்வதே போதும்.

இப்போது மகன் விஷயம். இச்சட்டத்தின் 5-ஆவது பிரிவு முழுக்க உங்களைப் போன்றவர்களுக்காக எழுதப்பட்டது. எந்தக் காரணத்துக்காகவும், மாநிலத்துக்குள்ளோ வெளியிலோ, ஒரு பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கோ அரசு உதவிபெறும் பள்ளிக்கோ மாறிச் செல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு. பழைய பள்ளியின் தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும். அது வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. தாமதம் செய்யும் தலைமையாசிரியர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாவார் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. கட்டணப் பாக்கி என்பது உங்களுக்கும் அந்தப் பள்ளிக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல். அது தீர்ந்துபோய்விடவில்லை, அவர்கள் உங்களிடம் முறைப்படி கேட்கலாம், நீதிமன்றம் வழியாகவும் வசூலிக்கலாம். ஆனால் அதற்குப் பிணையாகப் பிள்ளையின் சான்றிதழைப் பிடித்து வைத்திருக்க முடியாது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும், மாற்றுச் சான்றிதழ் கட்டணம் வசூலிப்பதற்கான கருவி அல்ல, அதில் கட்டணப் பாக்கி என்று குறிப்பு எழுதுவதும் கூடாது என்று தீர்ப்பளித்திருக்கிறது.

சான்றிதழ் இல்லாதபோது எந்த வகுப்பில் சேர்ப்பது என்று தலைமையாசிரியர் கேட்பார். அதற்கு 4-ஆவது பிரிவு விடை சொல்கிறது: வயதுக்கு ஏற்ற வகுப்பில். பத்து வயது முடிந்த பிள்ளைக்கு அது ஆறாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு மதிப்பெண் அட்டையோ கட்டண ரசீதோ கையில் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள், இல்லாவிட்டாலும் பாதகமில்லை. சேர்ப்பதற்கு முன் பிள்ளைக்குத் தேர்வு வைக்க 13-ஆவது பிரிவு இடம் தரவில்லை. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரையும், பின்னர் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. சேர்த்த பிறகு, எந்த அளவுக்கு வாசிக்கிறான் என்று அறிய ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னால் அதைத் தேர்வென்று எண்ணிச் சண்டைக்குப் போக வேண்டாம். அது நல்ல ஆசிரியர் செய்கிற வேலை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை, ஏனென்றால் நான் பார்த்த சிக்கல்களில் பாதி இங்கிருந்துதான் கிளம்பின. டி.சி. இல்லாத பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சங்கடப்படும் ஆசிரியர்கள், "டி.சி. வரட்டும், அதுவரை வகுப்பில் உட்காரட்டும்" என்று கருணையோடு சொல்வார்கள். பிள்ளையும் உட்காரும், சத்துணவும் சாப்பிடும். ஆனால் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் ஏறியிருக்காது. சேர்க்கை எண் இருக்காது. வருகைப் பதிவேட்டில் இருக்காது. பாடநூலும் சீருடையும் கணக்கில் வராது. இந்தக் கருணையை ஏற்காதீர்கள். சேர்த்த அன்றே சேர்க்கை எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள்.

எமிஸ் என்று எல்லோரும் சொல்லும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில் உங்கள் மகனுக்கு ஏற்கெனவே ஓர் எண் இருக்கும். பழைய பள்ளி அவனைத் தன் பட்டியலிலிருந்து பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி அவனை எடுத்துக்கொள்ள முடியும். டி.சி. தராத பள்ளி இதையும் செய்யாது. அப்போது புதிய பள்ளியின் தலைமையாசிரியர் தம் மேலதிகாரிகள் வழியாக விடுவிப்பைக் கோர வேண்டும். "கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறது" என்பது சேர்க்கையை மறுப்பதற்கான காரணம் அல்ல. கணினியில் ஏற்றுவது பள்ளியின் வேலை, பெற்றோரின் வேலை அல்ல.

மகன் ஆறாம் வகுப்பில் சேர்கிறான் என்பதால் இந்தப் பதிவுத் தேதிக்குக் கூடுதல் முக்கியத்துவம் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் இடஒதுக்கீடு உண்டு. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்கல்விப் படிப்புகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. அதற்கான தகுதி ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பது. கல்லூரிக்குச் செல்லும் மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும், மாணவியருக்கான புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு தொடங்குகிறது. பாக்கியைக் கட்டி டி.சி. வாங்கும் வரை ஓர் ஆண்டு பழைய பள்ளியிலோ வேறொரு தனியார் பள்ளியிலோ ஓட்டிவிட்டு ஏழாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு வரலாம் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால் இன்றே கைவிட்டுவிடுங்கள். ஏழு ஆண்டு கழித்து, ஆறாம் வகுப்பு எங்கே படித்தான் என்று கேட்கும்போது எந்தத் தலைமையாசிரியராலும் உதவ முடியாது.

அரசுப் பள்ளி என்றால் எது என்பதிலும் தெளிவு வேண்டும். ஊராட்சி ஒன்றியப் பள்ளி, நகராட்சி மற்றும் மாநகராட்சிப் பள்ளி, அரசு மேல்நிலைப் பள்ளி, ஆதி திராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் நலப் பள்ளி, உங்கள் பக்கத்தில் நிறைய இருக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளி ஆகிய எல்லாமே இந்த 7.5 விழுக்காட்டுக்கு அரசுப் பள்ளிகள்தான். கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்ற பெயரைப் பார்த்து, அது ஒரு சமூகத்தாருக்கு மட்டும் என்று ஒதுங்கிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் அங்கே படிக்கலாம். அரசு உதவிபெறும் பள்ளி என்பது வேறு. அங்கேயும் ஆசிரியருக்குச் சம்பளம் அரசுதான் தருகிறது, பாடநூலும் சத்துணவும் உண்டு, பல பள்ளிகள் மிக நல்ல பள்ளிகள், ஆனால் 7.5 விழுக்காடு அந்த மாணவர்களுக்குக் கிடையாது. இது நியாயமா என்பது வேறு விவாதம். நியாயமில்லை என்பது என் கருத்து. பெயர்ப்பலகையில் பப்ளிக் ஸ்கூல் என்று எழுதியிருப்பவை பெரும்பாலும் தனியார் பள்ளிகள் என்பதையும் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன். அந்தப் பெயரை நம்பி விண்ணப்பத்தோடு போய் நின்ற ஒரு பாட்டியை எனக்குத் தெரியும்.

மகளின் வயதுக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பில் சேர ஜூலை 31 அன்று ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். உங்கள் மகளுக்குப் பன்னிரண்டு நாள் குறைகிறது. இதில் உரிமை மறுக்கப்படுகிறது என்று வாதாட முடியாது. ஏனென்றால் சட்டம் தரும் உரிமை ஆறு வயதில்தான் தொடங்குகிறது. ஐந்து வயதில் சேர்ப்பது மாநில அரசு தரும் வாய்ப்பு, அதற்கு மாநில அரசு வைத்த எல்லை ஜூலை 31. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது என்கிறது. கேந்திரிய வித்யாலயாக்களில் 2022-23 முதல், மார்ச் 31 அன்று ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்றாகிவிட்டது. தமிழ்நாடு அதை ஏற்காமல் ஐந்திலேயே நிற்கிறது. ஆகவே உங்கள் மகள் அடுத்த ஜூனில் ஐந்து வயது பத்து மாதத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் போவாள். அது தாமதமே அல்ல.

இந்த ஓராண்டு வீட்டில் இருக்க வேண்டியதில்லை. 2019-இல் 2,381 அரசு நடுநிலைப் பள்ளிகளின் வளாகத்து அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன, உங்கள் ஒன்றியத்தில் எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். இருந்தால் யு.கே.ஜி.யில் சேருங்கள். இல்லாவிட்டால் உங்கள் தெருவுக்கு அருகிலுள்ள அங்கன்வாடியில் விடுங்கள். அங்கன்வாடியில் அவள் பெயர் பதிவாவதற்கு இன்னொரு பயனும் உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

பன்னிரண்டு நாளைச் சரிக்கட்டுவதற்காகப் பிறந்த தேதியை மாற்றிக் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் யாராவது உங்களுக்கு அந்த யோசனையைச் சொல்வார்கள். என் தலைமுறைக்காரர்களின் சான்றிதழ்களை எடுத்துப் பாருங்கள். ஊரில் பாதிப் பேர் மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ பிறந்திருப்போம். பிறப்புச் சான்றிதழ் இல்லாத அந்தக் காலத்தில், வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார் வாத்தியார். தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது. ஜூன் முதல் வாரத்திலிருந்து எண்ணிப் பார்த்து ஒரு தேதியை அவரே எழுதிவிடுவார். என் தேதியும் அப்படி வந்ததுதான். அப்போது யாரும் ஒப்பிட்டுப் பார்க்க வேறு தாள் எதுவும் இல்லை. இன்றைக்கு மருத்துவமனைப் பதிவு, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, ஆதார், கடவுச்சீட்டு என்று ஒவ்வொன்றும் மற்றொன்றைக் காட்டிக் கொடுக்கும்.

பள்ளியில் எழுதும் தேதிக்கு எவ்வளவு கனம் என்பது பலருக்குத் தெரியாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு, ஒருவருடைய வயதை முடிவு செய்யும்போது முதலில் பள்ளிச் சான்றையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் பார்க்கச் சொல்கிறது; அவை இல்லாதபோதுதான் உள்ளாட்சி அமைப்பு தந்த பிறப்புச் சான்றிதழ். 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆதாரில் இருந்த தேதியை ஒதுக்கிவிட்டு, பள்ளிச் சான்றிதழில் இருந்த தேதியையே ஏற்றது. ஆகவே மகளின் ஆதாரில் தேதி தவறாக இருப்பது சிறிய விஷயம். பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதியைப் பள்ளியில் கொடுங்கள், ஆதாரைப் பிறப்புச் சான்றிதழுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளுங்கள். ஐந்து வயதானதும் கைரேகையும் கருவிழியும் பதிவதற்கு எப்படியும் ஆதார் மையத்துக்குப் போகத்தான் வேண்டும். அப்போதே இதையும் முடித்துவிடலாம். ஆதாரைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆசிரியர்கள் கைக்கு எளிதாக வருவது ஆதார் என்பதால் அதைப் பார்த்தே எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது.

சேர்க்கைக்கே ஆதார் கட்டாயமா என்றால், இல்லை. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கல்வி குழந்தையின் அடிப்படை உரிமை என்பதால் பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று கூறிவிட்டது. உதவித்தொகைக்கும் வங்கிக் கணக்குக்கும் பின்னால் அது தேவைப்படுவது வேறு.

பிறப்புச் சான்றிதழே இல்லாத குழந்தைகளும் இருக்கிறார்கள். உங்களுக்கு இது பொருந்தாது என்றாலும், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படும். கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கப்படக் கூடாது என்கிறது. மருத்துவமனை அல்லது கிராமச் செவிலியரின் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவு, இவை எதுவும் இல்லாவிட்டால் பெற்றோர் எழுதித் தரும் உறுதிமொழி ஆகியவை போதும். அங்கன்வாடிப் பதிவின் பயன் என்று மேலே சொன்னது இதுதான். ஆனால் இதில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை உட்பட எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்றிதழ் ஒன்றே. அந்தக் குழந்தைகள் 2027 ஜூனில் எல்.கே.ஜி. வாசலுக்கு வருவார்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது; பாலினமும் தேதியும் மட்டும் இருந்து பெயர்க் கட்டம் காலியாக உள்ள சான்றிதழ்களை நான் கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கிறேன். பிறந்த ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் செலுத்த வேண்டும்.

தகப்பனார் கையெழுத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தில் பெற்றோர் என்பதற்குத் தந்தை அல்லது தாய் என்றுதான் பொருள் சொல்லியிருக்கிறது. அதுவும் பெற்றவர், மாற்றாந்தாய் அல்லது மாற்றாந்தந்தை, தத்தெடுத்தவர் எல்லோரும் அடக்கம். பாதுகாவலர் என்பதற்கோ, குழந்தையைத் தம் பராமரிப்பில் வைத்திருப்பவர் என்று விரிந்த பொருள் கொடுத்திருக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பெற்றோரின் பிள்ளைகளைத் தாத்தாவும் பாட்டியும் வந்து சேர்ப்பது இப்படித்தான். விவாகரத்துத் தீர்ப்பின் நகல், பிரிந்து வாழ்வதற்கான சான்று என்று யாராவது கேட்டால், எந்த விதியின் கீழ் கேட்கிறார்கள் என்று பணிவாகக் கேளுங்கள். அப்படி ஒரு விதி கிடையாது.

பெயரும் முன்னெழுத்தும் வேறு விஷயம். பிறப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதச் சொல்லுங்கள். முன்னெழுத்தைத் தமிழ்ப் பதிவுகளில் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசாணை வந்திருக்கிறது. மகனுக்குத் தகப்பனார் முன்னெழுத்தும் மகளுக்கு உங்கள் முன்னெழுத்தும் என்று இருவருக்கும் வேறு வேறாக வைக்க நினைத்தால், சட்டப்படி தவறில்லை. ஆனால் பிறப்புச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கச் செய்துவிட்டுப் பள்ளிக்குப் போங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் மாதங்களில், ஒரு புள்ளிக்காகவும் ஒரு எழுத்துக்காகவும் பெற்றோர்கள் அலைவதைப் பார்த்தவன் சொல்கிறேன். பொதுத் தேர்வுச் சான்றிதழில் ஏறிய பிறகு திருத்துவது பெரும்பாடு.

சாதிச் சான்றிதழ் சேர்க்கைக்குத் தேவையில்லை. சாதி, சமயக் கட்டங்களை நிரப்ப விரும்பாதவர்கள் காலியாக விடலாம் என்றும், சாதியற்றவர், சமயமற்றவர் என்று எழுதலாம் என்றும் 1973-லும் 2000-லும் அரசாணைகள் பிறப்பிக்கப்பட்டிருக்கின்றன. அதை ஏற்க மறுக்கத் தலைமையாசிரியருக்கு அதிகாரமில்லை. ஆனால் எழுதுவதாக இருந்தால் சரியாக எழுத வேண்டும். வீட்டில் வழங்கும் பட்டப் பெயரை எழுதிவிட்டு, வட்டாட்சியர் அலுவலகம் தரும் சான்றிதழில் அரசுப் பட்டியலில் உள்ள வேறு பெயர் இருந்தால், உதவித்தொகையின்போதும், இனச் சுழற்சி எனப்படும் இடஒதுக்கீட்டு வரிசைப்படி நடக்கும் பதினோராம் வகுப்புச் சேர்க்கையின்போதும் சிக்கல் வரும். ஆகவே அந்தக் கட்டத்தை இப்போது நிரப்பாமல் விட்டுவிட்டு, இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்கிய பிறகு அதைப் பார்த்து எழுதச் சொல்வது பாதுகாப்பானது.

பயிற்று மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகிவிட்டன. சேர்க்கைப் படிவத்தில் எந்த வழி என்று கேட்பார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்டு, இப்போது ஒன்றாம் வகுப்பு முதலே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆகியிருக்கிறது. உங்கள் மகனுக்கு அந்த வாய்ப்பு ஏற்கெனவே போய்விட்டது. ஆகவே ஐந்தாண்டு ஆங்கில வழியில் படித்தவனுக்கு எது எளிதோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். மகளுக்கு அது இன்னும் திறந்திருக்கிறது. அடுத்த ஆண்டு ஒன்றாம் வகுப்புப் படிவத்தில் ஒரு கட்டத்தில் போடும் ஒரு குறி அதை மூடிவிடும் என்பதை அறிந்து முடிவெடுங்கள். அந்தக் குறியை எங்கே போடுவது என்று நான் சொல்லப் போவதில்லை.

காலக்கெடுவைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். அண்மை ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மார்ச் 1 முதலே சேர்க்கை தொடங்கிவிடுகிறது. விஜயதசமியன்று விடுமுறையிலும் தொடக்கப் பள்ளிகளைத் திறந்து வைத்துச் சேர்ப்பதும் உண்டு. இவை வசதிக்கான நாட்கள்தானே தவிரக் கடைசி நாட்கள் அல்ல. சேர்க்கைக் காலம் முடிந்த பிறகு வந்தாலும் மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு சொல்கிறது. ஒரு டிசம்பரில் செங்கல் சூளை வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்தின் மூன்று பிள்ளைகளைச் சேர்த்தேன். கையில் ஒரு தாளும் இல்லை, தமிழும் தெரியாது. மூவரையும் வயதைக் கேட்டு எழுதி, சிறப்புப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தோம். மே மாதத்தில் ஊருக்குப் போகும்போது மூவருக்கும் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினோம். அவர்கள் வாழ்க்கையில் முதல் அரசுத் தாள் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு என்று கேட்டால், அது விருப்பப்பட்டுத் தருவது. தராவிட்டால் சேர்க்கை நிற்காது.

மறுத்தால் என்ன செய்வது? வாய்ப்பேச்சில் விடாதீர்கள். நீங்கள் போகும்போதே ஒரு வெள்ளைத் தாளில் தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுதி இரண்டு பிரதிகள் எடுத்துச் செல்லுங்கள். மகனின் பெயர், பிறந்த தேதி, இதுவரை படித்த பள்ளி, எமிஸ் எண் தெரிந்தால் அது, டி.சி. கேட்டும் தரப்படவில்லை என்ற செய்தி, கல்வி உரிமைச் சட்டம் 4 மற்றும் 5-ஆவது பிரிவுகளின்படி ஆறாம் வகுப்பில் சேர்க்கக் கோரும் வேண்டுகோள் ஆகிய இவ்வளவு இருந்தால் போதும். பிரிவு எண் எழுதியிருந்தால் பேச்சு பாதியாகக் குறையும் என்பது என் அனுபவம். ஒரு பிரதியில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முடியாது என்று சொன்னால் அதை எழுதித் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள், சேர்த்துவிடுவார்கள். அப்படியும் நடக்காவிட்டால், நடுநிலைப் பள்ளியானால் வட்டாரக் கல்வி அலுவலரிடமும், உயர்நிலை அல்லது மேல்நிலைப் பள்ளியானால் மாவட்டக் கல்வி அலுவலரிடமும் அந்தப் பிரதியைக் காட்டுங்கள். 14417 என்ற பள்ளிக் கல்வித் துறை உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். சட்டத்தின் 32-ஆவது பிரிவுப்படி எழுத்துமூலம் தரும் புகாருக்கு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதில் நிறைவு இல்லாவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம்.

திருப்பூர்ப் பள்ளிக்கும் இன்றே ஒரு கடிதத்தைப் பதிவு செய்த விரைவுத் தபாலில் அனுப்பி, பட்டுவாடாச் சான்றைப் பத்திரப்படுத்துங்கள். அதில் பாக்கித் தொகையை மறுக்க வேண்டாம், தவணையில் கட்டுகிறேன் என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். மாற்றுச் சான்றிதழை மட்டும் கேளுங்கள். அது வந்து சேரும்போது, புதிய பள்ளியில் ஏற்கெனவே எழுதியிருக்கும் பெயரும் தேதியும் அதில் உள்ளவையும் ஒத்திருக்கின்றனவா என்று நீங்களே ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு ஒப்படையுங்கள்.